பொருநை நாட்டுக்குப் படம் தந்த பந்துலு

பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணிக்கு இரு கரையும் நெல் விளையும் நிலம். அந்த ஈர நிலத்தை விட்டு வடக்கே நடந்தால் சற்று நேரத்தில் மண்ணின் நிறம் மாறிவிடும். கரிசல் தொடங்கும். வானம் பார்த்த பூமி. சோளமும் கம்பும் பருத்தியும் விளையும் பூமி. கயத்தாறும் ஒட்டப்பிடாரமும் பாஞ்சாலங்குறிச்சியும் எட்டயபுரமும் அந்தப் பூமியில் அமைந்த ஊர்கள். ஆங்கிலக் கும்பினியோடு போர் புரிந்து தூக்கேறிய வீரபாண்டிய கட்டபொம்மனும், கப்பல் வாங்கிக் கடலில் விட்டுச் செக்கிழுத்த வ. உ. சிதம்பரனாரும் ஒருவர் ஊரிலிருந்து மற்றவர் ஊருக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் வாழ்ந்தவர்கள். நூறாண்டு இடைவெளியில் தோன்றிய இவ்விருவரின் கதையையும் இரண்டரை ஆண்டுக் கால இடைவெளியில் திரைப்படமாக்கியவர் ஒருவரே. அவர் நெல்லைச் சீமையைச் சேர்ந்தவர் அல்லர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவரும் அல்லர். அவர் பெயர் புதுகூர் ராமகிருஷ்ணையா பந்துலு.

பந்துலு 1910ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 26ஆம் நாள் பிறந்தார். கோலார்ப் பகுதியை ஒட்டித் தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து புழங்கும் எல்லைப்புறத்தில் உள்ள சிற்றூர் அவரது புதுகூர். வீட்டு மொழி தெலுங்கு. மேடையேறிப் பெயர் பெற்ற மொழி கன்னடம். பொருளீட்டியதும் இழந்ததும் பெரும்பாலும் தமிழில். ஒரு மொழிக்கு உரியவராக அவரை அடைத்துவிட இயலாது என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இது பெரிதும் உதவும்.

நாடகக் குழுக்களில் நடிகராகத் தொடங்கிய அவர், 1936இல் எச். எல். என். சிம்ஹா இயக்கிய 'சம்சார நௌகா' என்னும் கன்னடப் படத்தின் வாயிலாகத் திரைக்கு வந்தார். உடன் நடித்தவர் எம். வி. ராஜம்மா. அதன்பின் பல ஆண்டுகள் நடிப்பிலும் தயாரிப்பிலும் கழிந்தன. 1950களின் நடுவில் அவரது பத்மினி பிக்சர்ஸ் நிறுவனம் தமிழில் காலூன்றியது. 'கல்யாணம் பண்ணியும் பிரம்மச்சாரி' 1954இலும், 'முதல் தேதி' 1955இலும், 'தங்கமலை ரகசியம்' 1957இலும் வெளிவந்தன. மூன்றையும் இயக்கியவர் ப. நீலகண்டன். தயாரிப்பாளராக இருந்தபடியே இயக்கத்தின் நுணுக்கங்களை அருகிலிருந்து கற்றுக்கொண்ட பந்துலு, 'தங்கமலை ரகசியம்' படத்தின் கன்னட வடிவமாகிய 'ரத்னகிரி ரகசிய'த்தில் தாமே இயக்குநரானார். அடுத்த ஆண்டு வந்த 'ஸ்கூல் மாஸ்டர்' அவரை நிலைநிறுத்தியது. முதிய ஆசிரியராக அதில் அவரே நடித்தார். குடும்பக் கதைகளில் கைதேர்ந்தவர் என்ற பெயர் அவருக்கு அமைந்திருந்த நேரம் அது. போர்க்களத்தைப் படமாக்குவார் என்று எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

போர்க்களம் அவரைத் தேடி நாடக மேடை வழியே வந்தது. சிவாஜி கணேசன் சிறுவனாக இருந்தபோது கம்பளத்தார் கூத்தில் கட்டபொம்மன் கதையைக் கண்டு மனம் பறிகொடுத்தவர். நடிப்புத் தொழிலுக்குத் தம்மை இழுத்ததே அந்தக் கூத்துதான் என்று அவர் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். அவரது சிவாஜி நாடக மன்றத்துக்காகச் சக்தி டி. கே. கிருஷ்ணசாமி எழுதிய 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1957இல் சேலத்தில் அரங்கேறியது. ஊர் ஊராக நடந்து நூறு காட்சிகளைக் கடந்தது. நாடகத்தைக் கண்ட பந்துலு இதைப் படமாக்க வேண்டும் என்று முடிவு செய்தார். அதுவும் வண்ணப் படமாக.

அக்காலத் தமிழ்த் திரையுலகில் வண்ணப் படம் என்பது பெருஞ்செலவு. கேவா வண்ணத்தில் படம் பிடித்து, டெக்னிக்கலர் படிகளை இலண்டனில் எடுக்க வேண்டியிருந்தது. போர்க் காட்சிகளுக்குக் குதிரைகளும் வீரர்களும் திரளாக வேண்டும் என்பதற்காகப் படப்பிடிப்புக் குழு இராஜஸ்தானத்து ஜெய்ப்பூர் வரை சென்றது. பாஞ்சாலங்குறிச்சியில் படம் பிடிக்க அங்கே எஞ்சியிருந்தது என்ன? 1801இல் கோட்டையைத் தரைமட்டமாக்கிய கும்பினியார், அந்த இடத்தை உழவு நிலமாக்கி ஊரின் பெயரையும் பதிவேடுகளிலிருந்து நீக்கிவிட முயன்றார்கள். ஒரு மண்மேடுதான் மிச்சம். ஆகவே பாஞ்சாலங்குறிச்சி அரங்கத்தில் கட்டப்பட்டது. அதன் போர்கள் தார்ப் பாலை நிலத்தை ஒட்டிய மணலில் நடந்தன.

கதையைச் சரிபார்க்க ம. பொ. சிவஞானம் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. ம.பொ.சி. 1949இலேயே கட்டபொம்மனைப் பற்றி நூல் எழுதியவர். அப்போது தமிழகத்தின் வட எல்லைக்காகப் போராடிக்கொண்டிருந்தவர். சித்தூர் மாவட்டத் தமிழ்ப் பகுதிகளை ஆந்திரத்திடமிருந்து மீட்கப் பாடுபட்டவர். அவரோடு ஒரே மேசையில் அமர்ந்து கதை பேசிய தயாரிப்பாளரோ அதே எல்லைப்புறத்தில் பிறந்து தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர். அவர்கள் பேசிய கதையின் தலைவனும் இராஜகம்பள நாயக்கர் மரபில், தெலுங்கு வழங்கிய குடியில் தோன்றியவன். தமிழ் வீரத்தின் சின்னமாக இன்று போற்றப்படும் உருவம் அந்த மேசையில்தான் இறுதி வடிவம் பெற்றது. இதில் எவருக்கும் முரண்பாடு தோன்றவில்லை. எல்லைக் கிளர்ச்சி கொதித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் இப்படி நேர்ந்ததை நம்முடைய இலக்கிய வரலாறுகள் இன்னும் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

ஜெமினி கணேசன் வெள்ளையத்தேவனாகவும், பத்மினி வெள்ளையம்மாளாகவும், எஸ். வரலட்சுமி ஜக்கம்மாளாகவும், ஓ. ஏ. கே. தேவர் ஊமைத்துரையாகவும், ஜாவர் சீதாராமன் பானர்மேனாகவும், சி. ஆர். பார்த்திபன் ஜாக்சனாகவும், வி. கே. ராமசாமி எட்டப்பனாகவும் நடித்தனர். இசை ஜி. ராமநாதன். 1959 மே 10 அன்று இலண்டனில் முதற்காட்சி. மே 16 அன்று தமிழகத்தில் வெளியீடு. மருது சகோதரர்களின் கதையைச் சொல்லும் கண்ணதாசனின் 'சிவகங்கைச் சீமை'யும் அதே மே மாதத்தில் வெளிவந்தது. ஒரே போரின் இரு முனைகள் ஒரே நேரத்தில் திரையில் மோதின, பாஞ்சாலங்குறிச்சி வென்றது. மறு ஆண்டு கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜி கணேசன் சிறந்த நடிகராகவும் ஜி. ராமநாதன் சிறந்த இசையமைப்பாளராகவும் பரிசு பெற்றனர்.

இங்கே ஓர் ஒப்பீடு பொருந்தும். டென்மார்க் நாட்டை ஜெர்மானியப் படைகள் 1940 ஏப்ரல் முதல் 1945 மே வரை பிடித்து வைத்திருந்தன. விடுதலை கிடைத்த அதே ஆண்டின் இறுதியிலேயே, தலைமறைவு எதிர்ப்பு வீரர்களைப் பற்றிச் 'சிவப்புப் புல்வெளிகள்' என்று பொருள்படும் பெயரில் டேனிஷ் மொழியில் ஒரு படம் வந்துவிட்டது. இயக்கியவர்கள் போதில் இப்சன் என்ற பெண்மணியும் லாவ் லௌரிட்சனும். 1946இல் கான் திரைப்பட விழாவின் பெரும் பரிசைப் பகிர்ந்துகொண்ட படங்களில் அதுவும் ஒன்று. சேத்தன் ஆனந்தின் 'நீச்சா நகர்' இன்னொன்று. டேனிஷ் படத்தை எடுத்தவர்களுக்குப் போர் நேற்றைய செய்தி. பார்த்தவர்களுக்கோ தங்கள் தெருவில் நடந்த நிகழ்ச்சி. திரையில் பொய் இருந்தால் அரங்கிலேயே ஒருவர் எழுந்து மறுத்திருக்க முடியும். பந்துலுவுக்கு வாய்த்த போர் நூற்றறுபது ஆண்டுகளுக்கு முந்தையது. சாட்சிகள் இல்லை. இருந்தவை இரண்டு வகை ஏடுகள்: தென்பாண்டிச் சீமையில் பாடப்பட்ட கதைப்பாடல்கள் ஒரு பக்கம், கும்பினி அதிகாரிகளின் கடிதங்களும் அவற்றை வைத்து 1881இல் கால்டுவெல் எழுதிய திருநெல்வேலி வரலாறும் மறுபக்கம். இவை ஒன்றையொன்று பல இடங்களில் மறுப்பவை. பாளையங்கோட்டையில் இருந்தபடி நா. வானமாமலை கட்டபொம்மு கதைப்பாடலையும் கூத்தையும் பதிப்பித்தது 1970களின் தொடக்கத்தில்தான். படம் எடுக்கும்போது அந்த உதவியும் இல்லை.

ஆகவே படம் எங்கே வரலாற்றை விட்டு விலகியது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பந்துலுவின் புகழுக்கு அது குறை ஆகாது.

ஜாக்சன் முன்னிலையில் கட்டபொம்மன் நிகழ்த்தும் வரி பற்றிய வாதத்தை அறியாத தமிழர் அரிது. வயலில் இறங்கி உழைப்பைப் பகிர்ந்துகொள்ளாத ஒருவனுக்கு வரி கேட்க என்ன உரிமை என்பதே அதன் சாரம். சக்தி கிருஷ்ணசாமியின் எழுத்தில் அது நடவும் நாற்றும் களையெடுப்புமாக விரிகிறது. அந்த உலகம் பொருநைக் கரையின் நன்செய் உலகம். பாஞ்சாலங்குறிச்சிக் கரிசலில் நாற்று ஏது, நடவு ஏது? மேலும், பாளையக்காரர்கள் தாங்களே காவல் வரி பெற்று வாழ்ந்தவர்கள். திசைகாவல், தலக்காவல் என்று ஊர்களிடம் பங்கு பெற்றவர்கள். அவர்களும் ஏர் பிடித்தவர்கள் அல்லர். 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் நடந்த சந்திப்பு கைகலப்பில் முடிந்தது, கிளார்க் என்ற ஆங்கில அதிகாரி உயிரிழந்தார், தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார் என்பவை வரலாறு. மேடைக்கென எழுந்த அந்த முழக்கமோ 1950களின் உழவர் குரல். விடுதலைக்குப் பிறகும் நிலம் கிடைக்காத மக்கள் அதைத் தங்கள் குரலாகக் கேட்டார்கள். அவ்வளவு பெரிய வரவேற்பின் காரணம் அதில் இருக்கிறது.

நெல்லுக்காகத்தான் சண்டை மூண்டது என்பது இதில் விந்தை. திருவைகுண்டத்தில் இருந்த கும்பினியின் நெற்களஞ்சியத்தைத் தானாபதி கொள்ளையிட்டதைக் கதைப்பாடல்கள் சொல்லும். படமும் அதைக் காட்டுகிறது. கரிசல் பசித்தபோது ஆற்றங்கரையை நோக்கிக் கை நீட்டியது. ஆற்றங்கரை ஊர்களின் பார்வையில் அந்தக் கை எப்படித் தோன்றியிருக்கும்? தமிழ்வாணன் கட்டபொம்மனைக் கொள்ளைக்காரன் என்றே தலைப்பிட்டு ஒரு நூல் எழுதினார். அவரது முடிவை ஏற்க இயலாது; கும்பினி தன் எதிரிகளுக்கு இட்ட பெயரை அப்படியே ஆராயாமல் எடுத்துக்கொள்வது அது. ஆயினும் அக்கேள்வி எழும் இடம் பொய்யானதன்று. திருவைகுண்டத்துக் களஞ்சியத்தில் இருந்த நெல் கும்பினி விதைத்ததும் அன்று, பாளையம் விதைத்ததும் அன்று. அதை விளைவித்த பொருநைக் கரை உழவனுக்குப் படத்தில் முகம் இல்லை.

இதைவிடக் கனமான விளைவு வேறொன்று. எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் பகை இருந்தது. அருங்குளம், சுப்பலாபுரம் ஆகிய ஊர்கள் பற்றிய வழக்கு நெடுங்காலம் புகைந்தது. 1799 செப்டம்பர் 5 அன்று பானர்மேன் தாக்கியபோது எட்டயபுரம் கும்பினிப் பக்கம் நின்றதும் உண்மை. ஆனால் தப்பிச் சென்ற கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்படும் வரை உள்ள நிகழ்ச்சிகளில் காட்டிக்கொடுத்தவர் ஒருவர் மட்டுமல்லர். திரையோ ஒரு துரோகியைக் கேட்டது. வி. கே. ராமசாமியின் தேர்ந்த நடிப்பு எட்டப்பன் என்னும் பெயரைத் தமிழ் வசைச் சொற்களில் ஒன்றாக உறுதிப்படுத்திவிட்டது. ஒரு மரபின் பட்டப்பெயர் பள்ளிச் சிறுவர்களின் வாயில் துரோகிக்கு மறுபெயர் ஆயிற்று. பாரதியைப் பெற்ற ஊரும், உமறுப்புலவர் வாழ்ந்த ஊரும், இசை மேதை சுப்பராம தீட்சிதரின் பெருநூலை அச்சேற்றிய அரண்மனையும் அந்த ஒரு சொல்லின் கீழ் மறைந்தன. சொற்களோடு வாழும் கவிஞர்கள் இதைச் சாதாரணமாகக் கடந்துபோக இயலாது.

பந்துலு இதை உணர்ந்தாரா என்று அறிவதற்கு அவர் எதையும் எழுதி வைக்கவில்லை. அவரது அடுத்த நெல்லைப் படத்தில் எட்டயபுரம் வேறு முகத்தோடு வந்தது என்பது மட்டும் கண்முன் உள்ளது.

'கப்பலோட்டிய தமிழன்' 1961 நவம்பர் 7 அன்று, தீபாவளியன்று வெளிவந்தது. ம.பொ.சி.யின் அதே பெயர் கொண்ட நூல் அடிப்படை, உரையாடல் எஸ். டி. சுந்தரம். பாடல்கள் முழுவதும் பாரதியினுடையவை. அவை 1949இல் அரசுடைமையாகிப் பின்னர் மக்கள் உடைமையும் ஆகிவிட்டிருந்ததால் எவரிடமும் உரிமை கேட்க வேண்டிய நிலை இல்லை. ஜி. ராமநாதன் அவற்றுக்கு அமைத்த மெட்டுகளே பிறகு பாரதி பாடல்களின் மெட்டுகள் என்றாகிவிட்டன. பாரதியாக எஸ். வி. சுப்பையா நடித்தார். சிவமாக டி. கே. சண்முகம், விஞ்சுத் துரையாக எஸ். வி. ரங்காராவ், வ.உ.சி.யாகச் சிவாஜி கணேசன். எட்டயபுரம் இம்முறை ஒரு கவிஞனாகத் திரைக்கு வந்தது.

இதுவும் ஒரு போரின் கதையே. 1906இல் பதிவான சுதேசி நாவாய்ச் சங்கத்தின் மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். 1907இல் 'காலியா', 'லாவோ' என்ற இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. பிரிட்டிஷ் இந்தியா நாவாய்ச் சங்கம் கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, இறுதியில் இலவசமாகவே ஆட்களை ஏற்றிக் குடையும் கொடுத்தது. 1908இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் வெற்றி பெற்றது. மார்ச்சு 12 அன்று வ.உ.சி.யும் சிவமும் கைதாயினர். மறுநாள் நெல்லை கொதித்தெழுந்தது. இந்துக் கல்லூரி மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். நகராட்சி அலுவலகமும் அஞ்சல் நிலையமும் காவல் நிலையமும் தாக்குண்டன. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். திருநெல்வேலிப் பாலத்தின்மேல் நின்று ஆற்றைப் பார்ப்பவர்களுக்கு அந்த நாள் இன்னும் எட்டிவிடும் தொலைவில்தான் இருக்கிறது. ஜூலையில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல் முறையீட்டில் அது குறைந்தது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷ் சுடப்பட்டான். 1912 டிசம்பரில் வ.உ.சி. விடுதலையானபோது சங்கம் இல்லை, கப்பல்களும் இல்லை.

படத்தில் மாடசாமிக்கும் கண்ணம்மாவுக்கும் அமைத்த காதல் திரைக்காகச் சேர்த்த கற்பனை. ஒட்டப்பிடாரம் மாடசாமி ஆஷ் கொலை வழக்கில் தேடப்பட்டுக் கடைசிவரை பிடிபடாதவர் என்பது வரலாறு. ஜெமினி கணேசனும் சாவித்திரியும் இருந்தால் காதல் இருந்தே ஆக வேண்டும் என்ற வணிகக் கணக்குக்கு அங்கே பந்துலு இடம் கொடுத்தார். அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் 'கட்டபொம்மன்' படத்தைவிட இது உண்மைக்கு நெருங்கியது. எடுத்துக்காட்டாக ஒரு காட்சி போதும். சிறை வாயில் திறக்கிறது. மாலையோடு எவரும் வரவில்லை. சற்றுத் தொலைவில் தொழுநோயால் உருமாறிய ஒருவர் நிற்கிறார். அவர் சுப்பிரமணிய சிவம் என்பதை வ.உ.சி.யால் உடனே அறிய முடியவில்லை. வீரவுரை எதுவும் அங்கே ஒலிக்கவில்லை. இரண்டு நடிகர்களின் உடல்கள் மட்டுமே பேசுகின்றன. பந்துலுவின் இயக்கத்தில் இத்தகைய அமைதி அரிது. ஆரவாரம் அவருக்கு எளிதில் கைவந்த கலை; இந்த அமைதியை அவர் தேடிப் பெற்றிருக்கிறார். வ.உ.சி.யின் மகன் இப்படத்தைக் கண்டு தந்தையையே நேரில் கண்டதாக நெகிழ்ந்ததைத் தமக்குக் கிடைத்த மிகப் பெரிய பரிசாகச் சிவாஜி கணேசன் போற்றி வந்தார்.

மக்கள் வரவில்லை. படம் பெருநட்டத்தில் முடிந்தது. தீபாவளி நாளில் செக்கிழுக்கும் நாயகனைக் காண ஆள் இல்லை என்று எளிதாகக் காரணம் கூறலாம். தூக்குமேடையிலும் கட்டபொம்மன் தோற்றுப்போகாதவனாக நின்றான்; முத்தத்தைக் கயிற்றுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். வ.உ.சி. தோற்ற பின்னும் இருபத்து நான்கு ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். கடை வைத்தார், கடன் பட்டார், தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்தார், திருக்குறளுக்கு உரை கண்டார், 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் மறைந்தார். அவரை அந்த நிலையில் விட்டுவிட்டவர்கள் அவருடைய மக்களேதான். அதே மக்களின் பிள்ளைகள் கட்டணம் கொடுத்து வந்து அந்தக் கதையை ஏன் பார்க்க வேண்டும்? பங்குதாரர்கள் கைவிட்ட கப்பலின் கதையை எடுத்தவரும் கையைச் சுட்டுக்கொண்டார். ஆயினும் அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்கே கிடைத்தது.

அதே 1961இல் பந்துலு கன்னடத்தில் 'கித்தூர் சென்னம்மா'வை எடுத்தார். 1824இல் கும்பினியை எதிர்த்த அரசியாகப் பி. சரோஜாதேவி நடித்தார். ஆக, மூன்றே ஆண்டுகளில் ஆங்கிலேயருக்கு எதிரான மூன்று போராட்டங்களை அவர் இரு மொழிகளில் திரைக்குத் தந்திருக்கிறார். இன்ன மொழிக்காரனின் வீரம் என்று அவர் பங்கிட்டுப் பார்க்கவில்லை. கன்னடத்தாருக்குச் சென்னம்மாவையும் தமிழருக்குக் கட்டபொம்மனையும் ஒரே மனத்தோடு கொடுத்தார்.

நட்டத்திலிருந்து மீள்வது அவருக்குப் பெரிய கலக்கமாக இருந்ததாகத் தெரியவில்லை. 1962இல் 'பலே பாண்டியா' என்ற நகைச்சுவைப் படத்தை மிகச் சில நாட்களில் எடுத்து முடித்தார். 1964இல் 'கர்ணன்', குருக்ஷேத்திரத்துக்கே சென்று படைவீரர்களையும் குதிரைகளையும் திரட்டிப் போரைப் படமாக்கினார். அதே ஆண்டு தீபாவளிக்கு அவரது 'முரடன் முத்து'வும் ஏ. பி. நாகராஜனின் 'நவராத்திரி'யும் ஒன்றாக வெளிவந்தன. சிவாஜியின் நூறாவது படம் எது என்ற கேள்வி எழுந்தபோது அந்தப் பெருமை 'நவராத்திரி'க்குப் போயிற்று. பத்தாண்டு நட்பு அத்துடன் முறிந்தது. பந்துலு எம்.ஜி.ஆரிடம் சென்றார், 1965இல் 'ஆயிரத்தில் ஒருவன்' பெருவெற்றி பெற்றது. அடிமைகளின் விடுதலைக் கதை அது. வரலாற்றின் சுமை இல்லாத கடலில் அவருடைய கப்பல் நன்றாகவே ஓடியது. 'ரகசிய போலீஸ் 115', கன்னடத்தில் ராஜ்குமார் நடித்த 'ஸ்ரீ கிருஷ்ணதேவராயா' என்று தொடர்ந்தார். நெல்லைச் சீமையின் கதை எதையும் அவர் மீண்டும் தொடவில்லை.

நெல்லைச் சீமைதான் அவர் தந்ததை விடாமல் பிடித்துக்கொண்டது. 1970இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடத்தருகே சிவாஜி கணேசன் தம் பொருளில் நிலம் வாங்கிச் சிலை எழுப்பினார். 1974இல் தமிழக அரசு பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டை கட்டியது. உண்மைக் கோட்டையைக் கண்டவர் எவரும் இல்லாத நிலையில், அங்கே வரும் பள்ளிப் பிள்ளைகள் திரையில் கண்ட கோட்டையைத்தான் அதில் தேடுகிறார்கள். 1986இல் திருநெல்வேலி மாவட்டம் இரண்டாகப் பிரிந்தபோது மேற்குப் பகுதிக்கு நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்றும், கிழக்குப் பகுதிக்குச் சிதம்பரனார் மாவட்டம் என்றும் பெயரிட்டார்கள். பாஞ்சாலங்குறிச்சி சிதம்பரனார் மாவட்டத்தில் அமைந்தது. நெல்லையின் பெயரில் கட்டபொம்மன் இருந்தான், ஊர் இல்லை. தாமிரபரணி ஒரு நாயகன் பெயரால் அமைந்த மாவட்டத்தில் புறப்பட்டு மற்றொரு நாயகன் பெயரால் அமைந்த மாவட்டத்தில் கடலை அடைந்தது. 1997 வரை அப்படியே இருந்தது. பின்னர் மாவட்டங்களுக்கு ஊர்ப் பெயர்கள் மட்டுமே என்று அரசு முடிவு செய்தது.

பந்துலு அவற்றையெல்லாம் காண இருக்கவில்லை. அகிலனின் 'கயல்விழி' நாவலைத் தழுவி 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' என்ற படத்தைத் தொடங்கியிருந்த நிலையில், 1974 அக்டோபர் 8 அன்று, அறுபத்து நான்காம் வயதில் காலமானார். எம்.ஜி.ஆரே இயக்கி முடித்த அப்படம் 1978இல், அவர் முதலமைச்சரான பிறகு வெளிவந்தது. மகள் பி. ஆர். விஜயலட்சுமி ஒளிப்பதிவாளராகி, 1980களில் அந்தத் துறையில் முன்னோடிப் பெண்ணாகப் பெயர் பெற்றார். 2012இல் புதுப்பிக்கப்பட்ட 'கர்ணன்' திரையரங்குகளில் மீண்டும் நூறு நாட்களைக் கடந்தது. 2015 ஆகஸ்டில் 'கட்டபொம்மன்' அவ்வாறே புதுப்பிக்கப்பட்டு வந்தது. ஐம்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின்னும் ஜாக்சன் காட்சியில் நடிகருக்கு முன்பே வசனத்தைச் சொல்லிவிடுகிறவர்கள் அரங்கில் இருந்தார்கள்.